வாசகர் கேள்வி பதில்: அலமாரி நிறைய காமிக்ஸ், பிரித்துப் படிக்கத்தான் மனசு வரவில்லை

கேள்வி: எனக்கு வயது ஐம்பத்தேழு. சொந்த ஊர் விருதுநகர் பக்கம், இப்போது இருப்பது சென்னையில். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது முடிவெட்டும் கடையில் கிழிந்த இரும்புக்கை மாயாவி காமிக்ஸ் ஒன்று கையில் கிடைத்தது, அன்றிலிருந்து காமிக்ஸ் பைத்தியம். பள்ளிக்கூட நாட்களில் என்னிடம் எந்தப் புத்தகமும் தங்கியதில்லை. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவோம், நாலு கை மாறுவதற்குள் அட்டை போய்விடும். வேலைக்கு வந்த பிறகு, விட்டதையெல்லாம் பிடிக்க வேண்டும் என்று வெறியாகத் தேட ஆரம்பித்தேன். திருவல்லிக்கேணி பிளாட்பாரம், பழைய பேப்பர் கடை, தெரிந்தவர் வீட்டுப் பரண் என்று அலைந்து முத்து, லயன், திகில், ராணி, இந்திரஜால் காமிக்ஸ் இதழ்கள் எல்லாம் சேர்ந்தன. அப்புறம் எந்தெந்த இதழ் எண் இல்லை என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அந்த நோட்டுதான் கடைசியில் என்னை ஆட்டி வைத்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய தீபாவளி மலருக்குப் பெரிய தொகை கொடுத்தேன், வந்தது ஜெராக்ஸ் அட்டை ஒட்டிய பிரதி. அதோடு ஏதோ விட்டுப்போயிற்று. இப்போது சந்தாவில் வரும் புதுப் புத்தகங்கள்கூடப் பார்சல் பிரிக்காமல் கிடக்கின்றன. "இதையெல்லாம் என்னப்பா பண்ணப் போறீங்க?" என்று மகள் கேட்கிறாள். விற்பதா, வைத்துக்கொள்வதா, யாருக்காவது கொடுப்பதா? எனக்குக் காமிக்ஸே பிடிக்காமல் போய்விட்டதா? (பெயர் வேண்டாம், சென்னை)

பதில்: பிடிக்காமல் போகவில்லை சார். பிடிக்காமல் போனவர் இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுத மாட்டார். ஆனால் படிப்பது, தேடுவது, எண்ணை நிரப்புவது என்று மூன்று வேலைகளை ஒரே ஆசையாக நினைத்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது, அதில் மூன்றாவது மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது.

முதலில் அந்தக் கிழிந்த மாயாவிக்குப் போவோம். சிவகாசியிலிருந்து 1972ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே அவர்தான். இங்கிலாந்தில் வேலியண்ட் என்ற வார இதழில் 1962லிருந்து வந்த தொடர் அது. அதன் நாயகன் லூயிஸ் கிராண்டேல், ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன், மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து கை மட்டும் தெரியும். வாரத்துக்குச் சில பக்கங்கள்தான் வரும் என்பதால் அந்தச் சில பக்கங்களின் முடிவில் ஒரு கொக்கி போட்டே ஆக வேண்டும். அதை மொத்தமாகத் தொகுத்துத் தமிழில் நாம் ஒரே மூச்சில் படித்தபோது, மூச்சு விடவே நேரம் கிடைக்காத ஓட்டமாக அது மாறியது. ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியரின் கோடுகள் மலிவுத் தாளில் மசி பரவி அச்சானபோதும் எடுபட்டன. அட்டை இல்லாமல் முடிவெட்டும் கடையில் கிடந்த புத்தகமே உங்களைப் பிடித்து உட்கார வைத்தது என்றால் காரணம் இதுதான். அது எத்தனையாவது எண் என்று அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

எண் என்பது பின்னால் வந்த பிரச்சினை, அது வந்ததற்கும் காரணம் உண்டு. எழுபது எண்பதுகளில் இவை தூக்கிப்போடுகிற பொருள். பேருந்து நிலையத்தில் வாங்கி ஊர் போய்ச் சேருவதற்குள் படித்து அடுத்தவரிடம் கொடுப்பது, பள்ளிக்கூடத்தில் பிடிபட்டால் ஆசிரியர் கிழிப்பது, கடைசியில் எடைக்குப் போடுவது. நூலகங்களும் பெரும்பாலும் இவற்றைப் பைண்டு செய்து பாதுகாக்கிற பொருளாக நினைக்கவில்லை. பழைய புத்தகம் தேடுகிறவர்களின் கோட்டையாக இருந்த சென்னை மூர் மார்க்கெட் 1985ல் எரிந்தது. ராணி காமிக்ஸ் 1984ல் தொடங்கி 2005ல் 500 இதழ்களோடு நின்றது. இந்திரஜால் 1990லேயே மூடிவிட்டது. லயனும் முத்துவும் இடையில் எப்போது வரும் என்று தெரியாத நிலையில் கிடந்தன. இனிமேல் வரவே வராது என்று நினைத்த காலத்தில் ஒருவன் எண்களை எழுதி வைத்துத் தேடினான் என்றால் அதைப் பைத்தியம் என்று நான் சொல்ல மாட்டேன். உங்களைப் போன்றவர்கள் தேடாமல் இருந்திருந்தால் பல இதழ்களின் அட்டை எப்படி இருந்தது என்றுகூட இன்று பார்க்க முடியாது.

ஆனால் நிலைமை 2012க்குப் பிறகு மாறிவிட்டது, உங்கள் நோட்டு மட்டும் மாறவில்லை. அந்த ஜனவரியில் லயன் கம்பேக் ஸ்பெஷல் நல்ல தாளில், வண்ணப் பக்கங்களோடு, நூறு ரூபாய்க்கு வந்தது நினைவிருக்கிறதா? நியூஸ்பிரிண்ட் என்ற மலிவுத் தாளில் பழகிய கை அதைத் தொட்டபோது பலருக்கு நம்பவே முடியவில்லை. அப்புறம் மாதாமாதம் புத்தகம், சென்னை, ஈரோடு புத்தகத் திருவிழாக்களில் ஸ்டால், கூடவே மறுபதிப்புகள். பழைய மாயாவி, ஸ்பைடர் கதைகளே புதுப் பிரதியாகக் கிடைக்க ஆரம்பித்தன. கதை வேண்டும் என்பவருக்குப் பழைய பிரதி கட்டாயம் இல்லை என்று ஆனது. அப்படியானால் பழைய பிரதியை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவர் எதை வாங்குகிறார்? தாளை, அந்த வருடத்து விளம்பரத்தை, வாசகர் கடிதப் பக்கத்தை, அந்த வாசனையை. இதெல்லாம் வாங்கத் தகுந்தவைதான், எனக்கும் பழைய கடிதப் பக்கங்கள் என்றால் உயிர். ஆனால் அதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். உங்களுக்கோ நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்பதே காரணம் ஆகிவிட்டது. உள்ளே என்ன கதை என்று தெரியாமலே, சில சமயம் முன்பு படித்துப் பிடிக்காமல் போன கதையாகவே இருந்தாலும், வாங்கியிருப்பீர்கள்.

ஜெராக்ஸ் அட்டை விஷயத்தில் உங்கள் வருத்தம் முழுக்க நியாயமானது. இந்தச் சின்ன உலகம் நம்பிக்கையின் மேல் ஓடுகிற உலகம். ஒருவர் ஏமாற்றினால் பணம் மட்டும் போவதில்லை, அடுத்த பார்சலைப் பிரிக்கும்போது முதலில் சந்தேகம்தான் வருகிறது. சேகரிப்பதில் இருந்த சந்தோஷம் உங்களுக்கு அங்கேதான் அறுந்தது என்று நினைக்கிறேன். புதுப் புத்தகம் பிரிக்கப்படாமல் கிடப்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லாததுபோல் தெரியலாம், ஆனால் உண்டு. பார்சல் என்றாலே உங்களுக்கு இப்போது சரிபார்க்க வேண்டிய வேலை.

சரி, என்ன செய்யலாம்? நோட்டை எடுத்து உள்ளே வையுங்கள், கிழிக்க வேண்டாம், இவ்வளவு வருட உழைப்பு அது. அப்புறம் அலமாரியைக் காலி செய்து தரையில் பரப்புங்கள். வீட்டில் சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்கிச் செய்யுங்கள். எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நடுவில் பிரித்துப் படிக்க ஆரம்பிக்கிறீர்களோ அது உங்களுடையது, அது எங்கும் போகக் கூடாது. அது நிறையப் பிரதி விற்கிற ஹீரோவா, யாருமே பேசாத ஹீரோவா என்று பார்க்க வேண்டாம். சிலருக்கு டெக்ஸ் வில்லர், சிலருக்குக் கேப்டன் டைகர், சிலருக்கு ஜானி நீரோ. எனக்கு ஸ்பைடர். உலகத்தையே கொள்ளையடிக்கக் கிளம்பி, பிறகு குற்றவாளிகளை ஒழிக்கிறவனாக மாறிய அந்தக் கூர்க்காது மனிதனின் பல கதைகளை எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இது தெரிந்த பிறகு மறுபடி படித்துப் பார்த்தால், கதை ஏன் அப்படிக் கண்மண் தெரியாமல் பறக்கிறது என்பது இன்னும் நன்றாகப் புரிகிறது. இப்படி மறுபடி படிக்க வைக்கிற புத்தகங்கள் உங்கள் அலமாரியிலும் நிச்சயம் நிறைய இருக்கும்.

எண்ணுக்காக மட்டும் வாங்கியவை, இரட்டைப் பிரதிகள், பார்த்ததும் எந்த உணர்ச்சியும் வராதவை எல்லாம் இன்னொரு குவியல். இவற்றை இப்போதே விற்று முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். உங்களைப் போலவே ஒரு எண்ணுக்காகத் தவிக்கிறவர் யாராவது இருப்பார், அவருக்கு நியாயமான விலையில் கொடுங்கள் அல்லது மாற்றிக்கொள்ளுங்கள். பள்ளி நாட்களில் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கினோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கடிதத்திலேயே சந்தோஷமான வரி அதுதான்.

அரிதான இதழ்கள், குறிப்பாக வேறெங்கும் கிடைக்காதவை, தனியாக வரட்டும். இவற்றைப் பொறுத்தவரை ஒரு ஆளை உங்களுக்கு நினைவுபடுத்த விரும்புகிறேன். கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர், தமிழ்ப் புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் எறிகிறதையெல்லாம் எடுத்து வைத்தார். அவர் 1992ல் இறந்த பிறகு தொகுப்பு சிதறிப்போகும் நிலை இருந்தது. 1994ல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக்கியது. இன்று தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று இருப்பது அதுதான், ஆராய்ச்சி மாணவர்கள் தேடிப் போகிற இடம். ஒருவர் கோட்டையூர் வீட்டில் அடுக்கி வைத்தது இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அதனால் உங்கள் அரிய இதழ்களை என்ன செய்வது என்று உயிரோடு, தெம்போடு இருக்கும்போதே முடிவு செய்து, மகளுக்கு எழுதி வையுங்கள். அந்த மாதிரி நூலகம் ஒன்றை முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு எது வேண்டும், எது ஏற்கெனவே இருக்கிறது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும், மூட்டை கட்டிக்கொண்டு போய் வாசலில் இறக்காதீர்கள். எண் போட்டு எழுதிய உங்கள் நோட்டு உண்மையிலேயே பயன்படப் போவது இங்கேதான்.

பிரிக்காத பார்சல்கள் பற்றி ஒன்று. சந்தாவை உடனே நிறுத்த வேண்டாம். தமிழில் மாதம்தோறும் காமிக்ஸ் வருவதற்கு, சொன்னபடி முன்பணம் கட்டுகிற சந்தாதாரர்கள்தான் தூண். ஆனால் எல்லாவற்றுக்கும் கட்ட வேண்டும் என்றும் இல்லை. உங்களுக்குப் பிடித்த வரிசைக்கு மட்டும் கட்டுங்கள். வந்த அன்றே பிரியுங்கள். கவர் போடாதீர்கள். காபி டம்ளர் கறை பட்டால் படட்டும்.

மகளிடம் "என்ன பண்ணப் போறேன்னு நீயும் சேர்ந்து பாரு" என்று சொல்லி அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எது எதற்காக வாங்கினேன் என்று நீங்கள் சொல்லாமல் அவளுக்கு அது தெரிய வழியே இல்லை.

கேள்வி: என் கணவர் சேர்த்த காமிக்ஸ் இரண்டு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. தாள் பழுப்பாகி ஓரம் உதிர்கிறது, பூச்சி வேறு. என்ன செய்தால் காப்பாற்றலாம்? (வாசகி, சேலம்)

பதில்: உதிர்வதற்குக் காரணம் தாளிலேயே இருக்கிறது. நியூஸ்பிரிண்ட் மரக்கூழில் செய்தது, அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகி அமிலம் ஏறி நொறுங்குகிறது. திரும்ப வெள்ளையாக்க முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். டிரங்குப் பெட்டியைச் சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள், மழைக்காலத்தில் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. மெல்லிய புத்தகங்களை நிறுத்தி வைத்தால் வளையும், படுக்கப் போட்டு அடுக்குங்கள், அடுக்கு உயரமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேப்லர் பின் துருப்பிடித்திருந்தால் மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு அதே ஓட்டையில் பருத்தி நூல் கோத்துக் கட்டலாம். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது. பத்து வருடத்தில் டேப் உரிந்து விழும், பசை மட்டும் மஞ்சள் கோடாகத் தாளில் நிற்கும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் மணம் வீசுகிற மெத்தென்ற பிவிசி கவர்களும் வேண்டாம், மசியைப் பிடித்துக்கொள்ளும். பாலிபுரொப்பிலீன் கவர் என்று கேட்டு வாங்குங்கள்.

ராமபாணப் பூச்சி இருக்கும் புத்தகங்களை உடனே மற்றவற்றிலிருந்து பிரியுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி இறுக்கமாக மூடி டீப் ஃபிரீசரில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் வியர்த்து நனைந்துவிடும். கரையான் என்றால் புத்தகத்தோடு தீராது, சுவரையும் தரையையும் பார்க்க ஆள் கூப்பிட வேண்டும். எல்லாவற்றையும் விட, மாதம் ஒரு தடவை பெட்டியைத் திறந்து நாலு புத்தகத்தைப் புரட்டுங்கள். யாரும் தொடாத பெட்டியில்தான் பூச்சி நிம்மதியாகக் குடும்பம் நடத்துகிறது.

கேள்வி: ஒன்பது வயதுப் பையன் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். நான் படித்த ஸ்பைடரைக் கொடுத்தால் தூக்கிப் போடுகிறான். எதில் தொடங்கலாம்? (வாசகர், கோவை)

பதில்: ஸ்பைடரை இப்போதைக்கு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பழைய இதழ்களில் எழுத்து பொடி, வசனம் நீளம், கறுப்பு வெள்ளைப் படத்தில் யார் யார் என்று கண்டுபிடிப்பதே அவனுக்குப் பாடு. லக்கி லுக்கில் தொடங்குங்கள். பெல்ஜியத்து ஓவியர் மோரிஸ் 1946ல் உருவாக்கிய கௌபாய். வண்ணம் இருக்கிறது, முகபாவத்திலேயே கதை பாதி தெரிந்துவிடும், ஜாலி ஜம்பர் குதிரை பேசுகிற இடங்களில் பையன் சிரித்தே ஆக வேண்டும். டால்டன் சகோதரர்கள் வரும் கதையாகப் பார்த்து வாங்குங்கள். முதல் புத்தகத்தை நீங்கள் குரல் மாற்றி வாசித்துக் காட்டுங்கள், பாதியில் "அப்புறம் நீயே பார்த்துக்கோ" என்று எழுந்து போய்விடுங்கள். அவன் அதைக் கிழித்தால் திட்டாதீர்கள், இன்னொன்று வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: பழைய முத்து காமிக்ஸ் சில விற்கலாம் என்று இருக்கிறேன். மறுபதிப்பு வந்தால் விலை விழுந்துவிடும் என்கிறார்களே? (வாசகர், திருச்சி)

பதில்: கதைக்காக வாங்குகிறவர் மறுபதிப்புக்குப் போய்விடுவார், அந்த அளவுக்குக் குறையும். முதல் பதிப்பே வேண்டும் என்பவர் அப்படியேதான் இருப்பார். விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நிலைமைதான். அட்டை அசலா, பக்கங்கள் முழுசா, நடுப்பக்கம் இருக்கிறதா, பேனாக் கிறுக்கல் உண்டா என்று நீங்களே பார்த்து, குறையை மறைக்காமல் சொல்லி, முன்னட்டை, பின்னட்டை, நடுப்பக்கம் மூன்றையும் படம் எடுத்து அனுப்புங்கள். அட்டை மாற்றியிருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். மேலே சென்னை வாசகர் எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள், இப்படி நடந்தால் ஒருவர் எதை இழக்கிறார் என்று. வாங்குபவர் உள்ளூர்க்காரராக இருந்தால் நேரில் புரட்டிப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். விற்பதற்கு முன் ஒரு தடவை எல்லாவற்றையும் படித்துவிடுங்கள், அதற்குப் பிறகும் விற்கத் தோன்றினால் தாராளமாக விற்கலாம்.